மழையில் பறக்க ஒரு யோசனை

மூன்று நாளாக மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. புளியமரப் பொந்துக்குள் ஒரு மைனா தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து குஞ்சு பசியில் கத்துகிறது. வெளியே போய் ஒரு புழுவாவது கொண்டுவரலாம்தான். ஆனால் ஈர இறக்கையை வைத்துக்கொண்டு எப்படிப் பறப்பது?

தண்ணீரிலேயே கிடக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று குளத்துக்குப் போய் வாத்திடம் கேட்டது.

"வாலடியில எண்ணெய் சுரக்கும் பாரு, அதை அலகால தொட்டு இறக்கை பூரா தடவு. ஒரு சொட்டு ஒட்டாது," என்றது வாத்து.

மைனா பொந்துக்குத் திரும்பித் தடவிப் பார்த்தது. இவ்வளவு போதுமா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி குளத்துக்குப் போய் நீர்க்காகத்திடம் கேட்டது.

"எண்ணெயெல்லாம் எதுக்குக்கா? நல்லா நனைஞ்சிட்டு, இறக்கையை விரிச்சுக் காயப்போடு. நான் அப்படித்தான்."

"மழை விட்டாத்தானே காயும்?"

"ஆமா, விடணும்."

மைனாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று. தடவுவதா, காயப்போடுவதா? தடவிவிட்டுக் காயப்போடுவதா? யோசித்தபடியே பொந்துக்கு வந்து சேர்ந்தது.

குஞ்சு அதன் அலகையே பார்த்தது. "ரெண்டு தடவை போயிட்டு வந்தியேம்மா, என்ன கொண்டாந்தே?"

"இரு கண்ணு. இந்த மழையில எப்படிப் பறக்கிறதுன்னே அம்மாவுக்குப் பிடிபடல. கொக்கை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, மைனா மழைக்குள் பறந்தது.