வயிற்றைக் கிழிக்கும் முன்

"புற்றுநோய்தான். நாளைக்கே ஆபரேஷன்!" திரையில் தெரிந்த பித்தக்குழாயின் சுருக்கத்தைக் காட்டினார் தலைமை அறுவை மருத்துவர்.

ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"சுருக்கம் வழவழன்னு இருக்கு சார். கணையமும் வீங்கியிருக்கு. மாத்திரையில கரையற வீக்கமா இருக்கலாம். ரத்தமும் சதையும் டெஸ்ட் பண்ணிடலாம்."

"முப்பது வருஷமா இதைத்தான் வெட்டறேன். எனக்கே பாடமா? தள்ளிப்போட்டா கைமீறிடும்!"

"ஒரு வாரம் கொடுங்க. வீணா ஒருத்தர் வயித்தைக் கிழிக்க நான் விடமாட்டேன்."

ஒற்றைக்காலில் நின்றாள். அவர் முறைத்தார். கடைசியில், "சரி, ஒரே வாரம்" என்றார்.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கணக்குத் தப்பினால் ஓர் உயிர் போய்விடுமே!

முடிவு வந்தது. புற்று இல்லை! மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் குழாய் நன்றாக விரிந்திருந்தது.

"பித்தம் தங்குதடையில்லாம இறங்குது சார்!" அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ஸ்கேன் மேசையிலிருந்து இறங்கி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார் தலைமை மருத்துவர்.

"என் வயித்தைக் காப்பாத்திட்டீங்கம்மா. இனிமே எந்தச் சுருக்கமும் நீங்க பார்த்தப்புறம்தான் என் கத்திக்கு வரும்!"