மூன்றாவது பைனாகுலர்

"இதுவும் சரிப்படாது சார். கையில பிடிச்சா கனம், கண்ணுல வச்சா கலங்கல்" என்று பைனாகுலரை மேசைமேல் வைத்தார் கழுகு.

காட்டுத் தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தின் உச்சி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கழுகு. எந்த மூலையில் புகை கிளம்பினாலும் முதலில் பார்த்துவிடுவார் என்பதால் அலுவலகத்தார் வைத்த பெயர் அது. இன்னொருவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவனுக்கும் இதே கோபுரத்தில்தான் வேலை. மூன்றாமவர் அதிகாரி. படியேறி வந்த இளைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

பைனாகுலர் வாங்குவதற்கு முன், தினமும் அதைப் பிடித்துப் பார்க்கப்போகிறவர்களே சோதித்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதலில் வந்ததைக் கழுகு கழித்துக்கட்டினார். வார் கழுத்தை அறுக்கிறதாம். இரண்டாவதில், கண்ணை வைக்கிற இடத்து ரப்பர் மூக்கை நசுக்குகிறதாம். மூன்றாவது, அதிகாரியே கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கி எடுத்தது. அதற்கும் இந்தக் கதி.

தான் பார்த்தபோது எதிர் மலையில் மேய்கிற ஆடு வரைக்கும் தெரிந்ததே என்றார் அதிகாரி கடுகடுப்பாக. கண்ணாடி போட்டவர் சாட்சி செல்லாது என்று கழுகு சிரித்தார். தெளிவாக்கும் திருகாணியை எவ்வளவு திருப்பினாலும் படம் நிலைக்கு வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்தாலே தலையை வலிக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். வாய்க்குப் பூட்டுப் போடுகிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

அதிகாரி மச்சான் பக்கம் திரும்பி, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

மச்சானின் மனைவிக்கு இது நிறைமாதம். ஊரில் தனியாக இருக்கிறாள். அவள் பக்கத்திலேயே இருக்க மாற்றல் கேட்டிருந்தான். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் இந்த மனிதர் கையில்தான் இருந்தது. அவரைப் பகைத்துக்கொள்ள இதைவிட மோசமான நேரம் வாய்க்காது.

அவன் பைனாகுலரை வாங்கி, வெகுநேரம் பார்த்தான்.

"அத்தான் சொல்றது சரிதான் சார். எனக்கும் கலங்கலாத்தான் தெரியுது."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு விளையாடுறீங்களா? உன் மாற்றலைப் பத்தி அடுத்த வருஷம் பேசிக்கலாம்." அதிகாரி பைனாகுலரைப் பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

கழுகுக்கு மனசு ஆறவில்லை. தன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தனியாகத் தவிக்க வேண்டுமா என்று நினைக்க நினைக்க அவனுக்காகத் துக்கமாகவும், அவன்மேல் கோபமாகவும் வந்தது.

"உன்னை யாருடா எனக்கு ஒத்து ஊதச் சொன்னது? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாளைக்கே அவ பக்கத்துல போய் நின்னிருப்பியே."

மச்சான் ஜன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

"சொல்லியிருந்தா இன்னைக்கே உங்களை வேலையை விட்டு அனுப்பியிருப்பாங்க அத்தான். மூணு பைனாகுலர்லயும் ஒரு குறையும் இல்ல. அக்காவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே கண் டாக்டரைப் பாருங்க, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க வேலையையும் சேர்த்து நானே பார்த்துக்கறேன்."