சுவர்க்காது

"வீட்டுக்குள்ள இருந்தே யாரோ போட்டுக் கொடுக்கிறாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். என் வாயால வேண்டாம்னு பார்க்கிறேன்" என்றாள் மாமியார், சுவரைப் பார்த்து.

சுவருக்குச் சொன்னது தனக்குத்தான் என்று புரியாத அளவுக்குச் சின்ன மருமகள் மக்கு இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

மாமியாரின் போனில் 'சுவர்க்காது' திறந்திருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, பேர் சொல்லாமல் இணையத்தில் நடத்தும் பக்கம். அன்றைய பதிவு இது: 'ஊரையே வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர், தன் பல்லைப் பிடுங்க வந்ததும் எழுந்து ஓடினார்!' கூடவே வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி சோபாவில் மாமா. குடும்ப வாட்ஸ்அப்பில் மூத்த மருமகள் விளையாட்டாகப் போட்ட படம் அது. வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரிடமும் கிடையாது.

மாமா நகரசபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். "போஸ்டர் எல்லாம் அந்தக் காலம்மா. இப்ப எல்லாரும் போனுக்குள்ளதான் குடியிருக்காங்க" என்று பிரசாரத்தைச் சின்ன மருமகளிடம் ஒப்படைத்திருந்தார். அவள் ஒரு நாளிதழில் துணை ஆசிரியையாக இருந்தவள். பத்திரிகை அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இந்தத் தேர்தலைக் காட்டி வேறு வேலை தேடலாம் என்பது அவள் கணக்கு.

இப்போது வேலை கிடக்கட்டும், புகுந்த வீட்டில் மானம் மிஞ்சுமா என்பதே கேள்வியாகிவிட்டது. "பத்திரிகைக்காரப் புத்தி எங்க போகும்?" என்று மாமியார் சமையலறை வரை முணுமுணுத்துக்கொண்டே போனாள். கணவன்கூட மெல்லக் கேட்டான்.

"நீ இல்லதானே?"

அந்த 'தானே' அவளைச் சுட்டுவிட்டது.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. நல்ல தண்ணீர், தெருவிளக்கு என்று அவள் பார்த்துப் பார்த்து எழுதியதை வீட்டு ஆட்கள் மட்டும் படித்தார்கள், அதுவும் கடனே என்று. சுவர்க்காது எழுதியதோ ஊரெல்லாம் சுற்றியது. 'அந்தப் பயந்தாங்கொள்ளி டாக்டர் இவர்தானா?' என்று வேடிக்கை பார்க்கவே மாமா போகிற தெருவில் கூட்டம் கூடியது.

கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள். எல்லாரும் திருட்டு முழி முழிப்பதாகவே அவளுக்குப் பட்டது.

கீழே கிளினிக்தான் பிரசார அலுவலகம். பல் பிடுங்கும் நாற்காலியில் துண்டுப் பிரசுரங்களை அடுக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டரின் காதில் போட்டாள்; வீட்டு ஆள் மாதிரி அவரும் குடும்ப வாட்ஸ்அப்பில் உண்டு.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மாமா எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தடவை ஃபெயிலாம்."

மாடியில் மூத்த மருமகளிடம், "மாமாவுக்கு நாய்னா பயம்க்கா. அதான் வீடு வீடாப் போகமாட்டேங்கிறார்" என்றாள்.

கணவனையும் விடவில்லை. "உங்கப்பா தூக்கத்துல அழறாராமே?"

மூன்றும் பச்சைப் பொய். எது சுவர்க்காதில் வருகிறதோ, அதைக் கேட்ட ஆள்தான் திருடன்.

அன்று சாயங்காலம் மாமா பாவமாக வந்து நின்றார். "நாளைக்குக் கூட்டத்துல என்ன பேசறதுன்னே தெரியலம்மா. வாயைத் திறங்க, துப்புங்க, இதைத் தவிர நான் என்னத்தப் பேசியிருக்கேன்?"

அவள் உட்கார்ந்து ஒரு பேச்சை எழுதிக் கொடுத்தாள். "நான் எழுதினதுன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தான் கேவலம் மாமா. இவர்கிட்டகூட நான் சொல்லல."

"மூச்சு விடமாட்டேன்" என்று மாமா அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போனைத் திறந்தாள். எட்டாங்கிளாஸ் இல்லை. நாய் இல்லை. அழுகையும் இல்லை. இருந்தது வேறு: 'சொந்தமாக நாலு வார்த்தை பேசத் தெரியாத வேட்பாளர்! இன்று அவர் ஒப்பிக்கப்போவது மருமகள் எழுதிக் கொடுத்த பேச்சு!'

ஹாலில் மாமியார் ஆரம்பித்துவிட்டாள். "பார்த்தீங்களா, பூனைக்குட்டி வெளிய வந்துடுச்சு! மாமனார் மானத்தை வாங்கினது போதாதுன்னு, தன் பெருமையையும் தானே போட்டுக்கிட்டா!"

கணவன் தலை நிமிரவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அதற்குள் வேறொன்று மண்டையில் உறைக்க, வந்த அழுகை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பேச்சு அவளுடையது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்.

படியிறங்கி ஓடினாள். கிளினிக்கில், பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்தபடி மாமா ஒற்றை விரலால் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா... நீங்களா?"

"கதவைச் சாத்தும்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "நல்லதா எழுதினா நம்ம வீட்டைத் தாண்ட மாட்டேங்குது, திட்டினா ஊரே படிக்குது. சுயேச்சையை உட்கார்ந்து திட்ட எந்தக் கட்சிக்காரனுக்கு நேரமிருக்கு? அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு, நீ பத்திரிகையில இருந்தவளாச்சே... நாளைக்கு என்னை என்ன சொல்லித் திட்டலாம், சொல்லு!"