மருந்து கலக்காத பெட்ரோல்

"மருந்து ஊத்தாம வெறும் பெட்ரோலை நிரப்பி ஓட்டியிருக்கே. எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?" மெக்கானிக் ஷெட்டில் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பொரிந்து தள்ளினார் கணவர்.

அவள் குன்றிப்போய் நின்றாள். ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதிலிருந்து, பழைய எஞ்சின் தேயாமலிருக்க ஈயத்துக்குப் பதிலான மருந்தை அளவாகக் கலக்கத் தனக்குத்தான் தெரியும் என்று அவளிடம் சாவியே கொடுக்காதவர் அவர். இன்று அவர் தூங்கும்போது ஆசைக்கு ஒருமுறை எடுத்துவிட்டாள்.

மெக்கானிக் பானெட்டை மூடினார். "சார், ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தோதா எஞ்சினுக்குள்ள வால்வு சீட்டெல்லாம் எப்பவோ மாத்தியாச்சே. இனி மருந்தே வேணாம்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ இத்தனை வருஷமா நீங்க சொன்னதெல்லாம் பொய்யா?"

கணவர் தரையைப் பார்த்தார். "நீ ஓட்ட ஆரம்பிச்சா உன்னை ஆபீஸ்ல கொண்டு விடற வேலை எனக்கு இருக்காது. நாம ரெண்டு பேரும் பேசிக்கறதே அந்த நேரத்துலதானேம்மா."

மனசு இளகியது, கோபம் இளகவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவள், மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க. அந்த சீட்ல உக்காந்தும் பேசலாம்."