மூன்றாவது ஓலை

"இன்னும் எத்தன தடவங்க ரத்தம் எடுப்பீங்க? இந்த மனுசனுக்கு ஒண்ணுமே இல்லங்க!"

மரியாயி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் அவள் கணவர் தோமஸ் கண்ணை மூடியபடி முனகினார்.

காலையில் மாதா கோயிலில் மகள் ஸ்டெபானியின் கல்யாண அறிவிப்பான ஓலையை ஃபாதர் மூன்றாவது ஞாயிறாக வாசிக்க எழுந்தார். இதுவும் முடிந்தால் கல்யாணத்துக்குத் தடையில்லை. மகளைக் கலவானை ஊருக்குக் கட்டிக்கொடுக்க இஷ்டமில்லாத தோமஸ், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஓலை நின்றுபோனது.

"பெரியவன் கொழும்புக்கு வேலைக்கி போறேன்னப்பவும் நெஞ்ச புடிச்சாரு. எங்கண்ணன் வீட்டு விசேசத்துக்கு கூப்பிட்டப்பவும் புடிச்சாரு. இருவது வருசமா பாக்குறேங்க!"

டாக்டர் ஸுமைரா பொறுமையாகச் சொன்னார். "ஹார்ட் அட்டாக் வந்தா ரத்தத்துல சிலது ஏறும் அம்மா. நேரம் போகப் போக ஏறுதான்னு பாக்கத்தான் மூணு தடவ எடுக்கிறோம்."

"நடிப்பு எப்பிடிங்க ரத்தத்துல ஏறும்?"

மரியாயிக்கு எரிச்சல் தாங்கவில்லை. வீட்டில் ஒரு நல்லது நடந்தால் குறுக்கே விழுந்து படுப்பதே இந்த மனுஷனுக்குத் தொழில். மாப்பிள்ளை வீட்டாருக்கு இனி எந்த முகத்தோடு பதில் சொல்வது?

சாயங்காலம் டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்தார்.

"அட்டாக் வந்திருக்கு அம்மா."

மரியாயி ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஆனா இன்னைக்கு இல்ல. இன்னைக்கு வந்திருந்தா ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே போகும். இது இறங்குது. அதுல ரெண்டு மூணு நாள்ல இறங்குற ஒண்ணு ஏற்கனவே இறங்கியாச்சு. பத்து நாள் வரைக்கும் நிக்கிற இன்னொண்ணு மட்டும்தான் இன்னும் இருக்கு. நாலு நாளாவது ஆகியிருக்கும்."

"பாத்தீங்களா? இன்னைக்கி நடிப்புதான்!" நாக்கு முந்திக்கொண்டது. அட்டாக் வந்தது நிஜம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவள் கணவரின் பக்கம் திரும்பினாள். "நாலு நாளைக்கி முந்தி என்னாங்க ஆச்சி?"

தோமஸ் கண்ணைத் திறந்தார். முனகலைக் காணோம்.

"புதங்கெழம பால் வெட்டப் போன எடத்துல. உசுரு போற மாதிரி இருந்திச்சி. ரப்பர் மரத்த புடிச்சிக்கிட்டு அப்பிடியே ஒக்காந்துட்டேன்."

"அடப்பாவி மனுசா! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அன்னிக்கி நெசமாவே வலிச்சிச்சி புள்ள. சொன்னா நீ நம்பவா போற?"