இடது கன்னம்

காசிமேட்டு டொமினிக் இருபது வருடமாகச் சினிமாவில் ரவுடியாகச் செத்துக்கொண்டிருக்கிறார். கறுத்த உடம்பு, தடித்த மீசை, இடது கன்னத்தில் மேக்கப்மேன் ஒட்டும் வெட்டுத்தழும்பு. அன்று மாலை செட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டதால் தழும்போடே பைக்கில் வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் போலீஸ்காரர் மறித்தார்.

"எந்த ஏரியா?"

"காசிமேடு சார்."

"மூஞ்சில என்னடா வெட்டு?"

"மேக்கப் சார். சினிமாவுல நடிக்கிறேன்." கைக்குட்டையால் தேய்த்துக் காட்டினார். தழும்பு உரிந்து கையோடு வந்தது.

"வேஷம் போட்டுக்கினு சுத்துறியா?" லத்தி அவருடைய வலது கன்னத்தைக் கிழித்தது. விழுந்தவரின் விலாவில் பூட்ஸ் கால் இறங்கியது. ஆஸ்பத்திரியில் கன்னத்தில் ஏழு தையல் போட்டார்கள்.

மறுநாள் உதவி இயக்குநர் முந்தைய நாள் போட்டோவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, நேத்து வெட்டு லெஃப்ட்லதான இருந்துச்சு. கன்டினியூட்டி போயிடும்."

மேக்கப்மேன் தையலின் மேல் பவுடரை அப்பி மறைத்துவிட்டு, இடது கன்னத்தில் புதுத் தழும்பை ஒட்டினார். ஹீரோ அவர் வயிற்றில் கத்தியால் குத்தினார். டொமினிக் செத்தார். ஷாட் ஓகே.

சாவதாக நடித்தவர் கேமராவை நிறுத்துவதற்குள் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அந்தச் சாவு நிஜமாகிவிடும் என்று யூனிட்டில் எல்லோருக்கும் பயம்.

"சிரிங்கண்ணே, பேக்கப் சொல்லணும்," என்றார் டைரக்டர்.

டொமினிக் எழுந்து உட்கார்ந்து கேமராவை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. பவுடரை நனைத்துக்கொண்டு ரத்தம் தாடைக்கு இறங்கியது. கேமராவை நிறுத்த ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.