ஒரு புள்ளி

மாதம் ஒரு சனிக்கிழமை கணக்குப் புதிர் போட்டு விளையாடக் கூடும் அந்த ஐந்து ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். விடை பிடிபட்டவர், மற்றவர்களுக்கும் அது பிடிபடும்வரை வாய் திறக்கக் கூடாது. விரிகோண முக்கோணம் ஒன்றைக் குறுங்கோண முக்கோணங்களாக மட்டுமே வெட்ட வேண்டும் என்ற புதிர், போன கூட்டத்தில் மரியதாஸுக்கு மட்டும் பிடிபட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது பொன்னம்பலம் கெஞ்சினார். "எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லுங்க சார்."

"இன்னும் கொஞ்சம் யோசிங்க" என்று சிரித்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார் மரியதாஸ்.

இப்போது பொன்னம்பலம் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். மாலையை வைத்த பிறகும் மரியதாஸ் நகராமல் நிற்பதைப் பார்த்ததும் நஸீமா டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிருங்க சார். எனக்கு இன்னும் விடை வரல. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெட்டியின் கண்ணாடி மூடியில் படிந்திருந்த ஈரத்தில் மரியதாஸ் அகலமாக ஒரு முக்கோணம் வரைந்தார். அதற்குள் ஒரு புள்ளி வைத்தார். அதோடு விரலை எடுத்துக்கொண்டார். பொன்னம்பலத்தின் மைத்துனர் துண்டோடு வந்து கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தபோது, மரியதாஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. யோசிக்கிறாரு."